படகுக்கு ஒரு நிறம்

கம்பளை ஹாட்வெயார் கடைக்குள் காலை வெயில் தகர வாளிகளில் பட்டுத் தெறிக்கிறது. கல்லா மேசை லெப்டொப்பில் ஒரு வேகப்படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓட, பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஒருத்தி அலைமேல் சறுக்கி வருகிறாள். முதலாளி தர்ஷன் படத்தை நிறுத்துகிறான். “பின்னுக்கு அலை நல்லா எழும்பணும் டிலானி. அப்பதான் பாய்ஞ்சு விளையாடலாம். விக்டோரியா டேமுல இப்பிடி ஒண்ணு யாருக்கிட்டயும் இல்ல.” மனைவி டிலானி படகின் மெத்தை ஆசனங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். “பத்துப் பேர் தாராளமா இருக்கலாம்.” அவர்களுக்குப் பின்னால் கடையில் வேலை செய்யும் ராக்கம்மா சுவரைத் துடைக்கிறாள். போன வெள்ளத்தில் மகாவலி ஆறு கடைக்குள் வந்து நின்ற இடம், இரண்டு தரம் பெயின்ட் அடித்த பிறகும், ஆள் உயரத்தில் பழுப்புக் கோடாக ஊறித் தெரிகிறது. அன்றிரவு ஆற்றோரத்து வீட்டின் தகரக் கூரையில் அவளும் புருஷனும் படகு வரும் வரும் என்று மழைக்குள் காத்திருந்தார்கள். படகு வரவில்லை. விடிந்தபோது கூரையில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஈரத்துணி சுவரில் கீச்சிடுகிறது, கோடு போவதாயில்லை. “கலர்தான் இன்னும் முடிவாகல்ல” என்று தர்ஷன் திரும்புகிறான், நல்ல மனசோடுதான். “ராக்கம்மாக்கா, நீங்க சொல்லுங்க. வெள்ளையா, நீலமா?” அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்ட வருகிறாள். திரையில் ஓடாமல் நிற்கும் படகையே பார்க்கிறாள். “செவப்புல எடுங்க தம்பி. கூரையில நிக்கிறவங்களுக்கு, வருதா இல்லையான்னு தூரத்துலயே தெரிஞ்சிரும்.”