தகவல் பெட்டி

"நீங்களே சொல்லுங்க மேடம், பெட்டி இருக்கும்போது லைப்ரரியன் எதுக்கு?"

நிர்வாக அதிகாரி சந்தீப் இப்படிக் கேட்டபோது கல்பகம் அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மேஜைமேல் உத்தரவு தயாராக இருந்தது. லைப்ரரியன் பதவி ரத்து. கல்பகம் இனி விசாகப்பட்டினம் கிளையில், ஸ்டோர்ஸில். நாலு மணிக்கு டைரக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது.

"இன்னும் நாலு வருஷம்தான் சார் சர்வீஸ். இங்கே மௌலா அலி ஏரியாவுல, வீட்டுல மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்களை விட்டுட்டு நான் எப்படி சார் போவேன்?"

"புரியுது மேடம். பர்சனலா எடுத்துக்காதீங்க. அங்கேயும் குவார்ட்டர்ஸ் தருவாங்க. டென்ஷன் நக்கோ, கவலையே வேண்டாம்! இது ரெண்டாயிரத்து எட்டு. உலகமே மாறிடுச்சு."

ஹைதராபாத் முழுக்க இன்டர்நெட் கொடிகட்டிப் பறந்தாலும், அந்த ஆராய்ச்சி நிலையத்தில் மேஜைக்கு மேஜை இணைப்பு கிடையாது. ரகசியம் வெளியே போய்விடுமாம். கட்டடத்துக்கே ஒரே ஓர் இணைப்புதான். மற்றவர்களுக்கு, அலுவலகக் கம்ப்யூட்டரில் 'தகவல் பெட்டி' என்று ஒரு கட்டம். பழைய டைரக்டர் ஓய்வு பெறும்முன் வைத்துவிட்டுப் போனது. கேள்வியைத் தட்டினால் பதில் வரும். பெரிய பெரிய விஞ்ஞானிகள்கூட, வாய்விட்டுக் கேட்கக் கூசும் கேள்விகளை அதனிடம் கூசாமல் கேட்டார்கள். மனிதரிடம் கேட்டால்தானே மானம் போகும்!

"குகட்பள்ளியில என் வீட்டுலயும் நெட் இருக்கு மேடம். எதைத் தேடினாலும் அஞ்சு லட்சம் கொட்டுது. எது நிஜம், எது குப்பைன்னு நாமதான் பொறுக்கணும். நம்ம பெட்டி மிஞ்சிப்போனா மூணு தரும். அத்தனையும் கரெக்டா இருக்கும். பக்க நம்பரோட!" சந்தீப்புக்கு உற்சாகம் பொங்கியது. "இவ்வளவு ஏன், பதவியை ரத்து பண்ற விதியையே அதுதான் எடுத்துக் கொடுத்தது. திங்கட்கிழமை கேட்டேன். பத்தே நிமிஷம். விதிப்புத்தகம், நூத்திப் பதினாலாம் பக்கம்!"

"பதிலுக்குக் கீழே 'மேலும் பார்க்க'ன்னு ஒரு வரி இருந்திருக்குமே சார்?"

"அது எல்லாப் பதில்லயும்தான் வருது. யாரு படிக்கிறாங்க?"

கல்பகம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேறொன்றைக் கேட்டாள்.

"பெட்டி எப்பவும் வேலை செய்யுதா சார்?"

"ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை வரைக்கும் கொஞ்சம் மக்கர் பண்ணும். லீவு நாள்ல சுத்தமா வராது. போன ஜூன்ல ஒரு வாரம் படுத்துடுச்சு. சர்வர் பிரச்சினைன்னு நினைக்கிறேன்."

"யாராவது வந்து ரிப்பேர் பண்ணாங்களா?"

"தானா சரியாயிடுச்சு. அதான் மேடம் டெக்னாலஜி! இருங்க, உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன். என்ன கேட்கலாம்?"

"உங்களுக்கு எது தேவையோ அதையே கேளுங்க சார்."

பதவி ரத்தான ஊழியரை எத்தனை நாளில் விடுவிக்க வேண்டும் என்று கேள்வியைத் தட்டினான் சந்தீப். 'தேடிக்கொண்டிருக்கிறது' என்று திரையில் வந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. சந்தீப் மௌஸைத் தூக்கித் தட்டினான்.

"இன்னிக்குன்னு பார்த்து மானத்தை வாங்குது."

"நான் கிளம்பறேன் சார். வந்துடும்."

"சரி மேடம். கையெழுத்தானதும் காப்பி அனுப்பறேன்."

அவள் போனதும் சந்தீப்புக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் விதி விதிதானே.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தான். அதே நேரம் திரையில் பதில் வந்து விழுந்தது. நின்றபடியே படித்தான்.

'முப்பது நாள் அவகாசம் தர வேண்டும்: விதிப்புத்தகம், பக்கம் 116.

மேலும் பார்க்க: பக்கம் 115. ஒரு பதவிக்குரிய வேலை அடியோடு இல்லாமல் போயிருந்தால் மட்டுமே அந்தப் பதவியை ரத்து செய்யலாம். திங்கட்கிழமை பதிலிலும் இதே வரி இருந்தது.

தாமதத்துக்கு மன்னிக்கவும். பதில் எழுதுபவர் இவ்வளவு நேரமும் உங்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.'