காவல் முறை

போரில் ஜெயித்து ஊர் திரும்பிய நாளிலிருந்து இருளப்பன் கண்ணை மூடவில்லை. எல்லையில் ஒருவர் தூங்கினால் இன்னொருவர் காவல் இருப்பார். அவனோடு முறை மாற்றிக்கொண்ட சூசை திரும்பி வரவில்லை. பதினோராம் நாள் மத்தியானம் இருளப்பனின் மனைவி பேச்சி உலக்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

“இப்ப என் முறை. நீங்க படுங்க.”

“கண் அசந்துருவியே, பிள்ள.”

“உங்களக் கட்டுன நாள்லேருந்து முழிச்சுத்தான இருக்கேன்.”

அவன் சிரித்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வெற்றி ஊர்வலம் மேளதாளத்தோடு தெருவுக்குள் நுழைந்தது. ஊர்த்தலைவர் மாலையோடு முன்னால் வந்தார். பேச்சி உலக்கையைக் குறுக்கே நீட்டினாள்.

“அங்கயே நில்லுங்க மாமா. ஆளு தூங்குது.”

தவில்காரர் தோலை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார். தலைவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஊர்வலம் வந்த வழியே நுனிக்காலில் திரும்பிப் போயிற்று.