சனிக்கிழமைச் சண்டை

“தம்பி ஜெஸ்டின், மறுபடியும் சண்டை வந்துட்டு. நீலம் மஞ்சளை விரட்டு விரட்டுன்னு விரட்டுது. சாயங்காலம் வந்திருவேல்லா?”

“வாரேன்க்கா.”

போனை வைத்ததும் கிருபாபாய் அடுப்படிக்குப் போய்ச் சுக்கைத் தட்டத் தொடங்கினாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சம். வீட்டில் இரண்டு ஜீவன் அடித்துக்கொண்டு சாகிறது என்று புகார் சொன்னவள் மாதிரியே இல்லை.

முப்பது வருஷம் ஹார்பரில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எந்த ஊர்க் கப்பல்காரன் பேசினாலும் அவள் காதைத் தாண்டித்தான் போகணும். கல்யாணம் கட்டவில்லை. ரிட்டயராகி நாலு வருஷம். இப்போது அவள் போனுக்கு வருவதெல்லாம் லோன் வேணுமா என்று கேட்கிறவர்கள்தான். அவர்களிடமே இரண்டு வார்த்தை கூடப் பேசிப் பார்ப்பாள். அவர்கள்தான் வைத்துவிடுவார்கள்.

சண்டை நடக்கிற மீன்தொட்டி, அக்கா மகன் ஷாம் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப் போனது. இரண்டடித் தொட்டியில் நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என்று இரண்டு சிக்லிட் மீன். அழகுக்கு ஒரு குறைச்சலும் இல்லை, குணம்தான் சரியில்லை. இது என் இடம் என்று ஒரு மூலையைப் பிடித்துவிட்டால், பக்கத்தில் வருகிற எதையும் கடித்துக் குதறிவிடும்.

வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஜெஸ்டின் அதற்கு ஒரு வழி செய்தான். தொட்டிக்குள் கிடந்த மூன்று கல்லையும் உடைந்த மண்சட்டியையும் எடுத்து, இடம் மாற்றி வைத்தான்.

“இப்போ எது யாரு இடம்னு ரெண்டுக்கும் தெரியாதுக்கா. புதுவீட்டுக்கு வந்த மாதிரி முழிச்சிக்கிட்டுத் திரியும். சண்டை மறந்திரும்.”

சொன்ன மாதிரியே மறந்தும் போயின. அன்றைக்கு வேலை அரை மணி நேரம், பேச்சு ஒரு மணி நேரம். மகள் ஸ்கூலில் டான்ஸ் ஆடியது, கடையில் ஒரு மீன் துள்ளிக் கல்லாப்பெட்டிக்குள் விழுந்தது, எல்லாம் சொன்னான். அவன் போன பிறகு வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அது அதுவரை கேட்டதே இல்லை அவளுக்கு.

அடுத்த வாரம் முழுக்க மீன்கள் ஒற்றுமையாகத் திரிந்தன. இப்படித் திரிந்தால் ஜெஸ்டினை எப்படிக் கூப்பிடுவது? சும்மா வந்துட்டுப் போ என்று சொல்ல அவன் என்ன சொந்தமா, பந்தமா?

வெள்ளிக்கிழமை ஜெபம் முடித்த கையோடு, தொட்டிக்குள் கையை விட்டுச் சட்டியைப் பழையபடி இடது மூலைக்கே நகட்டி வைத்தாள். “ஆண்டவரே, மன்னியும்” என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள். நீலம் தன் பழைய மூலைக்கு வந்து நின்றுகொண்டது. சனிக்கிழமை காலையில் போன் போட்டாள்.

இப்படியே ஏழு சனிக்கிழமை ஓடிவிட்டது.

எட்டாவது சனிக்கிழமை சாயங்காலம் தொட்டி முன்னால் குனிந்த ஜெஸ்டின் குனிந்தபடியே நின்றான். மஞ்சள் மீன் பில்டர் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. வாலில் பாதியைக் காணோம்.

“நானும் வாராவாரம் மாத்தி வைக்கேன். சட்டி திரும்ப இந்த மூலைக்கே வந்திருதேக்கா.”

“மீனு நகட்டியிருக்கும் தம்பி.”

“இந்த மீனு மணலைத் தோண்டும்க்கா. சட்டியைத் தூக்காது.”

கிருபாபாய் சுக்குக் காப்பியை நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தான். பிறகு மஞ்சளை வலையில் கோரி, தண்ணீரோடு கவரில் போட்டுக் கட்டினான்.

“இதைக் கடைக்குக் கொண்டு போறேன். இனிமே சண்டையே வராதுக்கா. நீங்க நிம்மதியா இருக்கலாம்.”

தலையை ஆட்டி வைத்தாள். கண்டுபிடித்துவிட்டான். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். வாயில்லாத ஜீவனைக் கடிபட விட்டவளை யார் மதிப்பார்கள்? வெட்கத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நீலம் தொட்டி முழுக்கத் தனக்கே என்று சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாம் இரண்டு நாள்தான். அப்புறம் சட்டிக்குள் போய் முடங்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை அவள் தொட்டிப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பழக்கதோஷத்தில் சுக்கைத் தட்டிவிட்டு, யாருக்கு என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது. லோன்காரன் என்றுதான் எடுத்தாள்.

“அக்கா, ஜெஸ்டின் பேசுதேன். உங்க மஞ்ச மீனு இங்கன வந்து ஒரே அக்கிரமம் பண்ணுது. கல்லை மாத்தி வைக்க எனக்குக் கை ஒழியல. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?”

பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து பிரையண்ட் நகர் கடைக்குப் போய் இறங்கினாள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாலடித் தொட்டி. முன்னால் ஸ்டூல் போட்டிருந்தது. மீன் வாங்க வந்திருந்தவர்களிடம் ஜெஸ்டின், “எங்க அக்கா. சிக்லிட் சண்டையெல்லாம் இவங்கதான் தீர்த்து வைப்பாங்க” என்றான்.

கேலி பண்ணுகிறானோ என்று பார்த்தாள். அவன் முகத்தில் கேலி இல்லை.

“ஒரு நாள்ல தீராதுக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை வரணும்.”

“வந்தாப் போச்சு தம்பி.”

முந்தானையைச் செருகிக்கொண்டு, முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீரில் விட்டு முதல் கல்லை நகட்டினாள். அப்புறம்தான், மஞ்சள் யாரோடு சண்டை போடுகிறது என்று தேடினாள். கல்லுக்குப் பின்னால் பார்த்தாள். குழாய்க்குப் பின்னால் பார்த்தாள். சட்டியைத் தூக்கியும் பார்த்தாள்.

அந்த நாலடித் தொட்டியில் மஞ்சள் மீன் ஒன்றுதான் இருந்தது.