வசீகரத்துக்கு மார்க்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர், கணக்காளரின் எதிரே உட்கார்ந்தார்.

"உங்க மேனேஜரோட தலைமைப் பண்பை அளக்க வந்திருக்கேன். மனசுல பட்டதைச் சொல்லுங்க. அவர் பேசினா எப்படி இருக்கும்?"

"கண்ணுல தண்ணி வந்துடும் சார். நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

"உங்களை மாத்தியிருக்காரா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? சோம்பேறியா இருந்தவன் நான். இப்ப ஞாயித்துக்கிழமைகூட ஆபீஸ் ஞாபகம்தான்."

டைப்பிஸ்ட் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் இதே பாட்டைப் பாடினார்கள். ஆய்வாளர் மெய்சிலிர்த்துப்போய் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"ஏன் சார் இப்படி அள்ளி விட்டீங்க? எங்களையும் சொல்ல வச்சுட்டீங்க" என்று கணக்காளரிடம் கிசுகிசுத்தாள் டைப்பிஸ்ட். "நம்ம மேனேஜர் வாயைத் திறந்தா முதல்ல தூங்கறதே நீங்கதானே?"

"விடும்மா. இன்னைக்குச் சாயங்காலத்தோட ரிட்டயர் ஆகறாரு. போற மனுஷன் சந்தோஷமா போகட்டுமே. நம்ம சொத்தா போகுது?"

அறைக் கதவு திறந்தது. ஆய்வாளர் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! இதுவரைக்கும் யாருமே வாங்காத மார்க். எம்.டி.க்கு போன் போட்டுச் சொன்னேன். இப்படிப்பட்டவரை விடவே கூடாதுன்னு மூணு வருஷம் நீட்டிப்பு கொடுத்துட்டாரு!"

பின்னாலேயே வந்த மேனேஜருக்குக் குரல் தழுதழுத்தது.

"என் பேச்சு உங்களுக்கு இவ்வளவு பிடிக்கும்னு தெரியாமப் போச்சேப்பா! இனிமே தினமும் ஒரு மணி நேரம் பேசறேன். இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம், உட்காருங்க."

கணக்காளரின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.