ஆப்பிள் மரத்தின் வரி

போருக்குப் போய்த் திரும்பாத கணவன் நட்ட ஆப்பிள் மரத்துக்கு சோவியத் சர்க்கார் போட்ட விலை, வருஷ வரி பதினைந்து ரூபிள். கூட்டுப்பண்ணையில் மாடாய் உழைத்தாலும் கூலி தானியமாகத்தான் வரும்; காசைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். அதனால் ஊரில் ஆளாளுக்கு மரத்தை வெட்டி அடுப்பில் வைத்துவிட்டார்கள். கிளாஃபிரா மட்டும் பால் விற்று, முட்டை விற்று, பனிக்காலத்துக்குப் பூட்ஸ் வாங்காமல் பதின்மூன்று ரூபிள் தேற்றியிருந்தாள்.

"இரண்டு குறைகிறதே. கோடாலி எங்கே, கிளாஃபிரா?" என்றார் வரி வசூலிக்க வந்த புரோகோர். கேட்டுக்கொண்டே கைக்கெட்டிய பழத்தைப் பறித்துக் கடித்தார். ருசி விடவில்லை; இன்னும் நான்கு தின்றார்.

"பழம் ஒன்று ஐம்பது கோபெக், அதாவது அரை ரூபிள், தோழரே."

"என்னிடமே காசா? மரம் மக்கள் சொத்தம்மா!"

"அப்படியா? அப்போ வரியையும் மக்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்."

புரோகோர் மென்றதை அவசரமாக விழுங்கினார். அவளோ சிரிக்கக்கூட இல்லை. சந்தையில் ஓசியில் பழம் தின்றுவிட்டு நழுவப் பார்க்கும் கொம்பன்களெல்லாம்கூட அவளிடம் தோற்றிருப்பார்கள். பதின்மூன்று ரூபிளை வாங்கிக்கொண்டு, முழு வரிக்கும் ரசீது எழுதி நீட்டிவிட்டு நடந்தார்.

வேலியைத் தாண்டியவரை அவள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"வரி பதினைந்து. ரொக்கம் பதின்மூன்று, பழம் இரண்டரை. சர்க்கார் எனக்கு அரை ரூபிள் பாக்கி."