போன் பண்ணினவள்

"குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்குப் போன் பண்ணினது நீதானே?"

எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் திறக்க வைத்து, வாசலிலேயே நின்று கத்தினார் புகாருக்கு ஆளான வீட்டுக்காரர்.

கதவைத் திறந்தது தையலக்கா. அந்தக் கட்டடமே அவளை அப்படித்தான் கூப்பிடும். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

வீட்டுக்காரருக்குப் பின்னால் அவர் மனைவி. அவள் இடுப்பில் ஐந்து வயசுப் பெண். பக்கத்தில், ஃபைலைக் கட்டிப் பிடித்தபடி, விசாரிக்க வந்த அதிகாரியம்மா.

"சார், புகார் கொடுத்தது யாருன்னு நீங்க கேட்கவும் கூடாது, நாங்க சொல்லவும் கூடாது. அதுதான் முறை" என்றார் அதிகாரியம்மா.

"நீங்க சொல்லவே வேணாம் மேடம். இந்த மாடியில இருக்கிறதே ரெண்டு வீடு. எங்க வீட்டுச் சத்தம் வேற யார் காதுல விழும்? சொல்லும்மா, நீதானே?"

தையலக்கா அவரைப் பார்த்தாள். பின்னால் நின்ற மனைவியையும் பிள்ளையையும் பார்த்தாள்.

"ஆமா, நான்தான்."

"பார்த்தீங்களா மேடம்? தனக்குன்னு ஒரு பிள்ளை இல்ல. அடுத்தவன் வீட்டுப் பிள்ளை மேல கண்ணு." மனைவி பக்கம் திரும்பினார். "இவளைத்தானே அக்கா அக்கான்னு தலையில தூக்கி வச்சுக்கிட்டே? இனிமே பேசுவியா?"

"மாட்டேன்" என்றாள் மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டு.

படிக்கட்டில் அதற்குள் நாலு தலைகள் முளைத்துவிட்டன.

அதிகாரியம்மா வீட்டுக்குள் போனார். படுக்கிற இடம், குளிக்கிற இடம் எல்லாம் பார்த்தார்.

"ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கணும் சார்."

"ஏன், பசிக்குதா?"

"பசிச்சா கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன் சார். இது பிள்ளைக்கு என்ன இருக்குன்னு பார்க்கிறது."

பிறகு, பிள்ளைக்கு எப்படி அடிபட்டது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்.

"பார்க்ல சறுக்குமரத்துல இருந்து விழுந்துட்டா" என்றார் அப்பா.

"படியில விழுந்துட்டா மேடம்" என்றாள் அம்மா, சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கடைசியாகப் பிள்ளை. அதிகாரியம்மா அதற்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"பாப்பாவுக்குப் பயம் வந்தா எங்க போவீங்க?"

"தையல் பெரியம்மா மெஷினுக்கு அடியில."

"அங்க போய் என்ன பண்ணுவீங்க?"

"சும்மா இருப்பேன். பெரியம்மா மெஷினை வேகமா ஓட்டுவாங்க. அப்ப எங்க வீட்டுச் சத்தம் கேட்காது."

பிள்ளையின் சட்டைக் கை கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. உள்ளே நாலு விரல் பதிந்த தடம். அதிகாரியம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. ஃபைலை மூடிவிட்டு எழுந்தார்.

"பிள்ளையை டாக்டர் பார்க்கணும் சார். அம்மாவும் பிள்ளையும் இப்பவே என்கூட வர்றாங்க. நாங்க சொல்ற வரைக்கும் எங்க விடுதியிலதான் இருப்பாங்க. நீங்க நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வாங்க."

"என் பிள்ளையை நான் கண்டிக்கக் கூடாதா?"

"அதையும் நாளைக்கு அங்கேயே வந்து கேளுங்க."

அவர் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

ஒரே ஒரு பையோடு அம்மாவும் பிள்ளையும் படியிறங்கினார்கள். பிள்ளை தையலக்காவுக்குக் கை ஆட்டியது. அம்மா தலை நிமிரவே இல்லை.

"ஒரு போனைப் போட்டுக் குடும்பத்தையே பிரிச்சுட்டாளே புண்ணியவதி" என்றாள் படிக்கட்டில் நின்ற கீழ்வீட்டுக்காரி. அப்புறம் நேராக மேலே ஏறி வந்தாள்.

"என் பொண்ணு யூனிபார்மைக் குடு. நான் வேற இடத்துல தைச்சுக்கிறேன்."

"பட்டன் மட்டும்தான் பாக்கி. அஞ்சு நிமிஷம் இரு."

"பட்டன் இல்லாட்டியும் பரவாயில்ல. குடு."

தையலக்கா அதை மடித்துக் கொடுத்தாள். படிக்கட்டு காலியானது. யாரும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த மாடியில் அவளோடு பேச இருந்த ஒருத்தியும் போய்விட்டாள்.

மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். தைக்க ஒன்றும் இல்லை.

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. அதிகாரியம்மாதான்.

"அவங்களை வண்டியில உட்கார வச்சுட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்கன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

"பக்கத்து வீட்டுக்காரங்கன்னா? புகார் கொடுத்தவங்கன்னுதானே மேடம் போடணும்?"

அதிகாரியம்மா கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் போனை எடுத்ததே நான்தாம்மா. பேசினது யாருன்னு உங்ககிட்டகூட சொல்ல மாட்டேன். ஆனா அது நீங்க இல்ல."

தையலக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"கட்டடமே உங்களை வையுது. செய்யாததைச் செஞ்சேன்னு ஏம்மா ஒத்துக்கிட்டீங்க?"

"அவர் கேட்டது என்னை மேடம். நடுங்கினது அவர் பொண்டாட்டி."