பூட்டிய வீட்டில் ஓர் எம்.ஏ.

மேற்பார்வையாளர் மூன்றாம் முறையாகக் கதவைத் தட்டினார்.

உள்ளே யாரும் இருக்கக்கூடாது என்று கணக்கெடுப்புக்காரி மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். இருக்கவும் வாய்ப்பில்லை. ஆறு மாதத்துக்கு முன் அவள் நான்கு தடவை நடையாய் நடந்த வீடு இது. நான்கு தடவையும் பூட்டைத்தான் பார்த்துவிட்டுப் போனாள்.

இன்று பூட்டு இல்லை.

வார்டுக்குச் சில வீடுகளை மட்டும் பொறுக்கி, அங்கே இருப்பவர்கள் எதுவரை படித்திருக்கிறார்கள், வீட்டில் என்ன வசதி இருக்கிறது என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. பூட்டிய வீடு என்றால் திறக்கும்வரை திரும்பத் திரும்ப வர வேண்டும். ஏழாவது வார்டில் அப்படிப் பதினோரு வீடுகள். கால் கடுத்துப்போன ஒரு மத்தியானம், தன் சமையலறையில் உட்கார்ந்து பதினோரு படிவங்களையும் தானே நிரப்பினாள்.

இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். அடுப்படிக் கணக்கு என்று அவர்களுக்குள் அதற்குப் பெயரே உண்டு.

மற்றவர்கள் விவரமானவர்கள். ஒரு வீட்டில் ஐந்தாம் வகுப்பு, அடுத்த வீட்டில் பத்தாம் வகுப்பு என்று கலந்து போடுவார்கள். இவள் பதினோரு வீட்டிலும் ஒரே பெண்ணைக் குடிவைத்தாள். தனியாக இருப்பவள். வயது நாற்பத்தொன்று. படிப்பு எம்.ஏ.

முதல் படிவத்தில் அவளுக்கு ஓர் அறைதான் கொடுத்தாள். நான்காவதில் மேசையும் நாற்காலியும் சேர்ந்தன. பதினோராவது வீட்டில் படிப்பதற்கென்றே தனி அறை கிடைத்துவிட்டது. எழுத எழுத ஆசை அடங்கவில்லை. போதாக்குறைக்கு, பிறந்த தேதியையும் மாற்றாமல் எழுதினாள். மார்ச் ஒன்பது.

அதற்குப் பிறகு அந்த வீடுகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் நடையை எட்டிப் போடுவாள். உள்ளே யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வருவதுபோல இருக்கும்.

அறிக்கை வந்தது. வேலை செய்யும் வயதில் இருப்பவர்களின் படிப்பில், பதினாறு நகராட்சிகளில் எப்போதும் கடைசியில் நிற்கும் அவர்களுடைய நகராட்சி இரண்டு படி ஏறியிருந்தது. ஏழாவது வார்டில் தடுக்கி விழுந்தால் ஓர் எம்.ஏ. மேல்தான் விழ வேண்டும் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள்.

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. அவர் பிறந்த தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு வீடு சரியா இருந்தா நான் எதுவும் கேக்கல. இல்லன்னா உங்க வேலையை நிரந்தரமாக்குற கோப்புல என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா," என்று தெருமுனையிலேயே சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு வருடத் தற்காலிக வேலை. அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவள் இத்தனை வெயிலில் அலைந்தாள். எல்லாம் இந்தக் கதவோடு முடிந்தது என்று நினைத்தாள்.

தாழ்ப்பாள் விலகியது.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது சொல்லலாம். கணக்கெடுப்புக்காரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ஈரக்கையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் தெரிந்தது.

மேற்பார்வையாளர் பழம் தின்று கொட்டை போட்டவர். படிவத்தை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார்.

வீட்டில் எத்தனை பேர்? ஒருத்திதான் என்று பதில் வந்தது. வயது? நாற்பத்தொன்று. படிப்பு? எம்.ஏ.

பிறந்த தேதி?

மார்ச் ஒன்பது.

மேற்பார்வையாளர் படிவத்தை இறக்கி ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார். நல்ல மனிதர். தப்பாக நினைத்துவிட்டேனம்மா என்று வாய்விட்டே சொன்னார். கோப்பைச் சுவரில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். வண்டியை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார்.

கணக்கெடுப்புக்காரி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குப் பயமாக இருந்தது. நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று பயத்தைவிடப் பெரிய ஆசையும் இருந்தது.

மார்ச் ஒன்பது அவள் கற்பனை செய்த தேதி இல்லை. அவளுடைய அக்காவின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருந்த தேதி அது.

அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். சின்னவளாவது படிக்கட்டும் என்று பதினோரு வயதில் நூற்பாலைக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வயதில் ஆலை வண்டியிலேயே போர்த்திக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள்.

இருந்திருந்தால் இந்த மார்ச்சில் நாற்பத்தொன்று ஆகியிருக்கும்.

கதவைத் திறந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு எம்.ஏ. வரைக்கும் போட்டுட்டே. நீ எதுவரைக்கும் படிச்சே, பாப்பா?"

அவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

பதினோரு வீட்டுக்குப் பொய் எழுதியவளுக்கு இங்கே இன்னொன்று சொல்வது பெரிய காரியமில்லை. கேட்டவள் சந்தோஷப்பட்டிருப்பாள். ஆனால் அக்காவிடம் பொய் வரவில்லை.

"பத்தாவது பரீட்சை முடிஞ்ச கையோட என்னையும் நிறுத்திட்டாங்கக்கா," என்றாள். "மில்லுல உன் இடத்தை எனக்குன்னே காலியா வெச்சிருந்தாங்க."